தனக்கு மட்டும் ஏறும் பிரஷர்

ஒரு நாளைக்கு எண்பது பேருக்காவது பிரஷர் பார்க்கிற நர்ஸ் அவள். கையில் பட்டையைச் சுற்றும்போதே, "என்ன பெரியப்பா, பரீட்சையா எழுத வந்திருக்கீங்க? தோளைத் தொங்கவிடுங்க" என்று ஒரு சீண்டு சீண்டுவாள். வந்தவர் சிரித்துவிடுவார். பாதி பிரஷர் அங்கேயே இறங்கிவிடும்.

அப்பேர்ப்பட்டவளின் கையில் வேறு யாராவது பட்டையைச் சுற்றினால் போச்சு! நெஞ்சு தடதடக்கும், உள்ளங்கை வேர்க்கும், எண் மளமளவென்று ஏறும். வீட்டில் தானே பார்த்துக்கொண்டால் மட்டும் சமர்த்தாக இருக்கும்.

பதினோரு வருஷம் தற்காலிகமாகவே ஓட்டிய வேலை இப்போதுதான் நிரந்தரமாகப் போகிறது. உடல்தகுதிச் சான்று ஒன்றுதான் பாக்கி. முதல் முறை நூற்று அறுபத்தெட்டு. இரண்டாம் முறை நூற்று எழுபத்து நான்கு. மூன்றாவதும் கடைசியுமான இன்றும் நூற்று நாற்பதைத் தாண்டினால், வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் என்னதான் செய்யவில்லை? மூச்சை இழுத்தாள், எண்ணினாள், 'அமைதியா இரு, அமைதியா இரு' என்று தன்னையே அதட்டினாள். அதட்டினால் நரம்பு கேட்குமா? அதட்டல் வந்தாலே ஏதோ ஆபத்து என்றுதான் உடம்பு நினைக்கும், இதயத்தை இன்னும் விரட்டும். போதாக்குறைக்குத் தொழில்புத்தி வேறு. போன தடவை டாக்டர் அளந்துகொண்டிருக்க, இவள் கழுத்தில் இரண்டு விரலை வைத்துத் தன் நாடியைத் தானே எண்ணிக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், இங்க பாக்கறது நீங்களா, நானா?" என்று டாக்டர் கேட்க, மானமே போயிற்று.

இன்று துணைக்குக் கணவன் வந்திருந்தான். லாரி ஓட்டுகிறவன், ஆள் பீரோ மாதிரி இருப்பான். "நான் இருக்கேன்ல, எதுக்கு பயப்படறே?" என்று மீசையை முறுக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். டாக்டர் அவள் வலக்கையில் பட்டையைச் சுற்றினார். வழக்கம்போல நெஞ்சு கிளம்பிவிட்டது.

அந்நேரம் பார்த்து, எதிரே யாருக்கோ ரத்தம் எடுத்தார்கள். அதைப் பார்த்த கணவனின் முகம் வெளுத்தது.

"ஏம்மா... எல்லாம் சுத்துதே!"

"ஐயோ, என்னங்க!" அவள் இடக்கையால் அவன் பிடரியைப் பிடித்துக் குனியவைத்தாள். "ஒண்ணுமில்ல, கீழ பாருங்க. வாயைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. இழுக்கறதவிட விடறது நீளமா இருக்கணும். என்னோட சேந்து ஊதுங்க."

இருவரும் ஊதினார்கள். மூச்சு நீளமாக வெளியே போகப்போக, இதயத்துக்குக் கடிவாளம் போடுகிற நரம்பு தன் வேலையைப் பார்த்தது. அவன் முகத்தில் நிறம் திரும்பியது. அவள் தோளும் தானாகத் தொங்கியது. தன் கையில் பட்டை இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. டாக்டர் மூச்சுக்காட்டாமல் பொத்தானை அழுத்தினார். சந்தேகம் தீர இன்னொரு தடவையும் அழுத்தினார்.

"நூத்தி இருபத்திரண்டு! ரெண்டு தடவையும்!"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நெஜமாவா டாக்டர்?" என்று துள்ளினாள். சந்தோஷத்தில் நெஞ்சு மறுபடி தடதடவென்று அடித்தது.

"அசையாதீங்க சிஸ்டர்," என்று டாக்டர் அவசர அவசரமாகப் பட்டையைக் கழற்றினார். "மறுபடி ஏறறதுக்குள்ள கையெழுத்தப் போட்டுடறேன்!"