நாற்பத்து மூன்றாவது விதி

கணிதப் பரீட்சைக்கு முதல் நாள், சாமம் பன்னிரண்டு மணிக்கு, அம்பிகை தன் அக்கா பரிமளத்தின் தோளைப் பிடித்து உலுப்பினாள்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். அப்பாவுக்குச் சொல்லக் கூடாது."

"ஆரடி பெடியன்?" என்றாள் பரிமளம், கண்ணைத் திறக்காமலே.

"பெடியனில்லை. வட்டம்."

பரிமளம் எழும்பிக் குந்தினாள். பெடியனென்றால் விடிந்த பிறகும் பேசலாம். வட்டமென்றால் விடிய எட்டரைக்குப் பரீட்சை தொடங்குமுன் பேசி முடிக்கவேண்டும். அம்பிகை போன வருடம் கணிதத்தில் விழுந்தவள். இந்த எண்பத்தாறாம் ஆண்டிலும் விழுந்தால் படிப்பு நின்றுபோகும், வவுனியாவிலுள்ள பெரியம்மா வீட்டுக்குத் தையல் பழகப் போகவேண்டும் என்று அப்பா தம்பையா சொல்லிவிட்டார். அவர் எதையும் ஒருதரத்துக்கு மேல் சொல்கிற மனிதரல்ல.

அவர்களின் ஊரான இறுப்பிட்டியில் குலசிங்கம் மாஸ்ரரின் ரியூசன் கொட்டிலில் அறுபது பிள்ளைகள் படித்தார்கள். அந்த அறுபதில் ஒன்றுகூட இம்முறை வட்டத் தேற்றங்களின் பக்கத்தைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லை என்று மாஸ்ரர் உத்தரவிட்டிருந்தார். கார்த்திகை விளக்கீட்டன்று மழை பெய்தால் அந்த வருடம் பரீட்சையில் வட்டம் வராது, பெய்யாவிட்டால் வரும். எண்பத்தொன்றிலிருந்து எண்பத்தைந்து வரை ஐந்து வருடமும் இது பிசகவில்லை. இந்த வருடம் வாசலில் குத்திய பந்தமெல்லாம் அணைந்துபோகிற மழை. சங்கதி முடிந்தது. தாய்தகப்பன்மார் மாஸ்ரரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கினார்கள்.

"அஞ்சுக்கு அஞ்சு சரியெண்டால் பிறகென்னடி பயம்?"

அம்பிகை தலையணைக்குக் கீழிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்தாள். முத்து முத்தான எழுத்துக்காரி என்பதால், பழைய ஐந்து வருட வினாத்தாள்களோடு ஒப்பிட்டுத் தேடிய விதிகளை மாஸ்ரர் அவளைக்கொண்டுதான் எழுதுவித்திருந்தார்.

"இதைப் பார். முதலாம் விதி, ஒற்றை வருஷத்தில வட்டம் வரும். பிழைச்சுது, வெட்டினனாங்கள். ரெண்டாம் விதி, பரீட்சை செவ்வாயில தொடங்கினால் வரும். அதையும் வெட்டினது. மாங்காய் கனக்கக் காய்ச்ச வருஷம். ஆவணியில லோஞ்ச் படகு பழுதான வருஷம். மாஸ்ரரின்ர மாடு கிடாரிக் கண்டு போட்ட வருஷம்…"

"மாடுமோ?"

"மாடு மூண்டு வருஷம் சரியாச் சொன்னது. நாலாம் வருஷம் கவிட்டுப்போட்டுது."

நாற்பத்திரண்டு விதிகளும் அம்பிகையின் அழகான எழுத்தில், அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தன. நாற்பத்து மூன்றாவதுதான் விளக்கீடு. ஊருக்குச் சொன்னது அது ஒன்றைத்தான்.

"வெட்டினதை ஏன் ஊருக்குச் சொல்லேல்லை சேர் எண்டு மாஸ்ரரைக் கேட்டனான். 'பிள்ளை, சமைச்ச ஆக்கள் சோத்தைத்தான் பரிமாறுவினம், உமியையும் கொண்டுவந்து வைப்பினமே' எண்டார். எனக்கு அண்டையிலயிருந்து நித்திரை இல்லை. மற்ற அம்பத்தொன்பது பேருக்கும் இது தெரியாதக்கா. எனக்கு மட்டும்தான் தெரியும்."

பரிமளம் கொப்பியைப் புரட்டினாள். அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் ஐந்துக்கு ஐந்து என்பது அவளை விடவில்லை. "எத்தினையை வெட்டினாலென்ன, கடைசியாக் கிடைச்சது உண்மையாயும் இருக்கலாமெல்லே?"

அம்பிகை கொம்பாஸ் பெட்டிக்குள் கிடந்த இருபத்தைந்து சத நாணயக் குற்றியை எடுத்தாள். "இதுக்கும் ஒரு ரியூசன் வைப்பம். இலக்கம் விழுந்தால் வட்டம் வரும், மற்றப் பக்கம் விழுந்தால் வராது. அஞ்சுதரம் சுண்டினால் அஞ்சு வருஷத்துக்கும் ஒரு விதி. ஒண்டு பிழைச்சாலும் வெட்டிப்போட்டு அடுத்த விதி."

அம்மா எழும்பிவிடுவாவென்று தலையணையில் விழுகிறமாதிரிச் சுண்டினார்கள். பரிமளம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டாள். முதலாம் விதி இரண்டாவது தரமே செத்தது. ஏழாவது நாலு வருடம் வந்து, கடைசியில் மாட்டைப்போல் கவிழ்ந்தது. பதினைந்துக்குப் பிறகு பரிமளம் கொட்டாவி விட்டாள். இருபத்தொன்பதாவது விதியில் குற்றி எண்பத்தொன்றைச் சரியாகச் சொன்னது. எண்பத்திரண்டையும் சொன்னது. எண்பத்தைந்துக்கு அது தலையணையில் விழுந்தபோது இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

ஐந்துக்கு ஐந்து.

"சேரைவிடக் கெட்டிக்காரன்," என்றாள் பரிமளம். "அவருக்கு நாப்பத்திமூண்டு விதி தேவைப்பட்டுது. இவருக்கு இருபத்தொன்பதுதான். மழையும் தேவைப்படேல்லை."

"இப்ப இந்த வருஷத்தைக் கேப்பம்."

அம்பிகை சுண்டினாள். வட்டம் வரும் என்றது குற்றி.

"இவர் வருமெண்டுறார், அவர் வராதெண்டுறார். ரெண்டு பேரும் அஞ்சுக்கு அஞ்சு," என்றாள் அம்பிகை. "ஒரேயொரு விதியைக் கேட்டு அஞ்சு வருஷமும் சரிவந்தால் அதை நம்பலாம். நாப்பத்திமூண்டைக் கேட்டவருக்கு அஞ்சு காணாது. பத்து வருஷமாவது பிசகாமல் வரோணும். அதுவும் இத்தினையைக் கேட்டனான் எண்டு முதல் சொல்லிப்போட்டு."

"சரி, மாஸ்ரரம்மா. வட்டப் பக்கத்தை எடும்."

விடியும்வரை படித்தார்கள். பரீட்சை மண்டப வாசலில் குலசிங்கம் மாஸ்ரர் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிக்கொண்டு நின்றார். அம்பிகையின் சிவந்த கண்ணைப் பார்த்து, "நித்திரை கொள்ளேல்லையோ? நீர் எதைப் படிச்சனீர்?" என்றார்.

"வட்டம், சேர்."

"உமக்கு நம்பிக்கை காணாது, பிள்ளை," என்று மாஸ்ரர் கவலையோடு சொல்லி, அவளுக்கு மட்டும் திருநீற்றைக் கொஞ்சம் கூடுதலாகப் பூசினார். பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் கேட்டுச் சிரித்தார்கள். கொப்பி பையில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பயந்துவிட்டாள்.

வினாத்தாளைத் திருப்பினாள். வட்டம் வரவில்லை.

அன்று பின்னேரம் கொட்டிலடியில் வெடி கொளுத்தினார்கள். ஆறுக்கு ஆறு என்று ஊரெல்லாம் பேச்சு. "உன்ர சத மாஸ்ரரைக் கடையில குடுத்துத் தோடம்பழ இனிப்பு வாங்கடி," என்றாள் பரிமளம். வாங்கித் தின்றார்கள். வட்டம் வந்திருந்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் விழுந்து தையல் பழகப் போயிருப்பார்கள் என்பதை வேறு யாருக்கும் சொல்ல முடியவில்லை.

பெறுபேறு வந்தபோது அம்பிகை கணிதத்தில் திறமைச் சித்தியோடு தேறியிருந்தாள். தம்பையா ஒருதரம் சிரித்தார். மறுநாள் கொட்டில் வாசலில் ஒரு பெரிய கரும்பலகை அறிவித்தல் தொங்கியது: "விளக்கீட்டு விதியால் சித்தியடைந்தோர்." முதலாவது பெயர் அம்பிகை தம்பையா. புதிதாகச் சேர நூற்றிருபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். உள்ளே மாஸ்ரர் அடுத்த வருடத்துக்குத் திரிகோணகணிதம் வருமா என்று விதி தேடி எழுத, நல்ல எழுத்துள்ள ஒரு பிள்ளையை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அம்பிகை இம்முறை கொட்டிலுக்குள் போய் ஒரு சோக்கட்டியை எடுத்துவந்து, தன் பெயருக்குக் கீழே, எல்லோரும் மெச்சிய அந்த எழுத்தில் எழுதினாள்: "இதற்கு முன் வெட்டியவை 42. கொப்பி என்னிடம் இருக்கிறது."

வரிசையின் வாலில் நின்ற ஒரு சிறுமி வாசித்துவிட்டு, "அக்கா, மாடு என்ன சொன்னது எண்டும் அதில கிடக்கோ?" என்றாள்.

"ஓம், கிடக்கு," என்றாள் அம்பிகை. "வாரும், காட்டுறன்."