லோகுவின் முகத்தின்மேல் ஒட்டிய போஸ்டர்

முதல் அடி விழுந்தபோது ஜேசன் போஸ்டரில் இருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தான். கதாநாயகியின் கன்னத்தில் காற்று அடைத்துக்கொண்டு கொப்புளம் போல எழும்பியிருந்தது. அதை ஓரத்துக்குத் தள்ளும்போது பின்னங்கழுத்தில் ஏதோ இடித்தது. மாடு முட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். கிழக்குத் தாம்பரத்தில் அந்தச் சந்தில் மாடுகள் அதிகம். திரும்புவதற்குள் அடுத்த அடி காதோடு சேர்த்து விழுந்தது. மைதாப் பசை வாளி உருண்டது. அவனும் அந்தப் பசையிலேயே போய் விழுந்தான்.

நான்கைந்து பேர் இருந்தார்கள். மற்றவர்கள் வாய் திறக்காமல் உதைத்தார்கள். ஒருவன் மட்டும் பேசிக்கொண்டே அடித்தான். காக்கிச் சட்டையின் பொத்தான்களைக்கூடப் போட்டிருக்கவில்லை. ஆட்டோவை அப்படியே நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தான்.

"மூஞ்சி மேல ஒட்டுவியா நீ? எந்தம்பி மூஞ்சி மேல ஒட்டுவியா?"

ஜேசன் வலது கையை ஊன்றி எழப் பார்த்தான். அந்தக் கையின்மேல் ஒரு கால் இறங்கியது. முதலில் சத்தம்தான் கேட்டது, பச்சைக் குச்சியை ஒடிப்பதுபோல. வலி பிறகுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். அவன் குடும்பமும் அங்கேதான் இருந்தது. எதிர் மாடியில் ஒரு பெண் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய், செல்போனோடு திரும்பி வந்தாள். விளக்குமாறோடு வந்த ஒரு பெரியவர் குறுக்கே விழுந்து தடுத்திருக்காவிட்டால் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

அடித்தவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன், மாலைக்கு நடுவே கூலிங்கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். லோகேஷ் என்கிற லோகு. இரும்புலியூர் அருகே பைக்கில் போய் லாரிக்கு அடியில் சிக்கியவன். ஜேசன் அந்த முகத்தைப் பார்க்காமல் ஒட்டவில்லை. பார்த்தான். செத்தவனுக்கு இனி விளம்பரம் எதற்கு என்று ஒரு நொடி நினைக்கவும் செய்தான். பிறகுதான் பிரஷ்ஷைப் பசையில் தோய்த்தான்.

சினிமாவுக்கு வருவதற்கு முன் ஜேசன் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அதை விட்டுவிட்டு, பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஒரு பெண்ணைப் பற்றி 'மதிய ஷிப்ட்' என்று படம் எடுத்தான். சண்டையில்லை, பாட்டில்லை. வெளிநாட்டில் இரண்டு விழாக்களில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் விமானம் ஏறிச் சென்னைக்கும் வந்துவிடும் என்று அவன் நம்பினான். விருது வாங்கிய படத்தை விநியோகஸ்தர்கள் தேடி வந்து வாங்குவார்கள் என்று மனைவி சுஜியிடமும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அப்பா வேதசிரோமணியிடமும் அடித்துச் சொன்னான். ஒருவரும் வரவில்லை. இவன்தான் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் படிப்படியாக ஏறி இறங்கினான். கடைசியில் பத்ரி என்ற சின்ன விநியோகஸ்தர் கிடைத்தார். படத்தைத் தியேட்டரில் ஏற்றித் தருவது மட்டும்தான் தன் வேலை என்றும், ஆள் வரவழைப்பது ஜேசன் பொறுப்பு என்றும் அவர் முதல் நாளே சொன்னார். ஜேசன் அதைக் காதில் வாங்கவில்லை. தியேட்டர் கிடைத்துவிட்டால் வேறென்ன வேண்டும்? டிரெய்லரை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் பத்தில் ஒருவர் வந்தாலே போதும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேரில் இரண்டு பேர் ஏசிக்காக வந்து தூங்கினார்கள்.

"டிரெய்லர் பாக்க பஸ் ஏற வேணாம் சார். படுத்துக்கிட்டே பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிடலாம்," என்றார் பத்ரி. திங்கட்கிழமையோடு படத்தை எடுத்துவிடுவார்கள் என்பதையும் அதே குரலில் சொன்னார். ஜனங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் வருவார்கள் என்று ஜேசனுக்குத் தோன்றியது. மிச்சமிருந்த போஸ்டர்களை வாரிக்கொண்டு தானே ஒட்டக் கிளம்பியது அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டு, கிழிந்த உதட்டைத் தைத்து முடிப்பதற்குள் அந்த வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. எதிர் மாடிப் பெண் எடுத்ததில் அடி மட்டும்தான் தெரிந்தது. சுவரோ, லோகுவோ தெரியவில்லை. வெள்ளைப் பசையில் புரளும் ஒரு மனிதன், மேலே கால்கள், காக்கிச் சட்டைக்காரனின் முகம், அவ்வளவுதான். பத்ரி மூச்சு வாங்க ஓடி வந்தார். படத்தை ஓடவிடாமல் ஒரு கும்பல் இயக்குநரைத் தாக்கிவிட்டது என்று அதற்குள் அவரே எழுதிப் போட்டுவிட்டிருந்தார். எந்தக் கும்பல் என்று எழுதவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். ஆளாளுக்குத் தனக்குப் பிடிக்காத கும்பலைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். ஜேசன் என்ற பெயரை வைத்து ஒரு கூட்டம் சண்டை போட்டது. தோல் தொழிலை வைத்து இன்னொரு கூட்டம் சண்டை போட்டது.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம் சார். வாயத் திறக்காம இருங்க, அது போதும்," என்றார் பத்ரி.

போனைத் திருப்பிக் காட்டினார். டிக்கெட் பதிவுப் பக்கத்தில் பச்சையாக இருந்த இருக்கைகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. ஜேசனுக்கு உதட்டில் தையல் இழுத்தது. அப்போதுதான் தான் சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. போலீஸ்காரர் புகாரை நீட்டியபோது இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

சுஜியிடம் மட்டும் அன்று மாலை நடந்ததைச் சொன்னான். அவள் மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"அந்தப் பையன் வீட்டுக்குப் போய் சொல்லிட்டு வந்துடு ஜேசன். கேஸையும் எடுத்துடு."

"அடுத்த சண்டே வரைக்கும் ஓடட்டும். அப்புறம் நானே போறேன்."

"அதுவரைக்கும் பிடிச்சிட்டுப் போன பசங்க ஸ்டேஷன்லயே இருக்கணுமா?"

அவள் ஜூஸ் டம்ளரை அவன் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு விளக்கைப் போடாமல் வெளியே போனாள்.

அடித்தவர்களில் மூன்று பேரைப் போலீஸ் அன்றே பிடித்திருந்தது. ஒருவனை ஸ்டேஷனில் கால் பாதம் வீங்குமளவுக்கு அடித்ததாக வேதசிரோமணி சர்ச்சில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். காக்கிச் சட்டைக்காரன் அகப்படவில்லை. பெயர் சிவகுமார், ஷேர் ஆட்டோ ஓட்டுபவன், செத்துப்போன பையனின் அண்ணன். இந்த விவரமெல்லாம் தெரிந்தும் ஜேசன் அந்த வாரம் முழுக்க யூடியூப் சேனல்களுக்குப் பேட்டி கொடுத்தான். பொய் எதுவும் சொல்லவில்லை. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை என்றான். அதற்கும் கைதட்டினார்கள். படம் ஊரப்பாக்கத்திலும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கமும் புதிதாகப் போடப்பட்டது.

சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் பத்ரி அவனை ஜி.எஸ்.டி. சாலையோரத் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கியது. அதன் பக்கத்தில் நிற்கவைத்து அவனைப் படமெடுத்தார்கள். உள்ளே பெரும்பாலும் இளவட்டங்கள். சிலர் ஒரே நிறத்தில் துண்டு போட்டிருந்தார்கள். ஜேசன் பின்வரிசைச் சுவரில் சாய்ந்து நின்று அவர்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை வருடமாகக் கனவு கண்ட காட்சி.

அந்தத் தலைகள் கொஞ்ச நேரம் காத்திருந்தன. யாராவது யாரையாவது திட்டுவார்கள், யாராவது திருப்பி அடிப்பார்கள் என்று காத்திருந்தன. திரையில் ஒரு பெண் ஷேர் ஆட்டோவுக்கு நின்றாள். பிறகு ஆட்டோவில் போனாள். "அடிக்கிறது எப்போ மச்சான்?" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. ஒரு தண்ணீர் பாட்டில் திரையில் பட்டு, கதாநாயகியின் தோளில் ஈரம் வழிந்தது. இடைவேளைக்கு முன்பே கூட்டம் கூட்டமாக எழுந்து வெளியே வந்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று டிக்கெட் கொடுப்பவரின் சட்டையைப் பிடித்தார்கள். நாற்காலி ஒன்று முன்கூடத்துக் கண்ணாடிமேல் பறந்தது. படம் பார்க்கத்தான் வந்தார்கள் என்று ஜேசன் நினைத்ததைப் போல ஒரு தப்பு இல்லை. அவர்கள் வந்தது அந்த வீடியோவின் மீதியைப் பார்க்க.

அந்த நேரத்தில்தான் சிவகுமார் வாசல் படியேறி வந்தான். வெள்ளைச் சட்டை, தோய்த்துத் தேய்த்தது. கையில் ஒன்றுமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ஜேசனிடம் வந்து நின்றான்.

"சார், கேஸ வாபஸ் வாங்கு சார். பசங்க பாவம். அடிச்சது நான். நான் வேணா உள்ள போறேன்."

ஜேசன் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினான்.

"தப்புதான், இல்லேன்னு சொல்லல. வூட்ல லோகு போட்டோ பெர்சா ஒண்ணும் இல்ல சார். எங்கம்மா டெய்லி அந்தச் சொவத்தாண்டதான் வந்து நின்னு பாத்துட்டுப் போவும். அன்னிக்கு நீ ஒட்டிக்கினு இருக்கசொல்ல வந்து பாத்துட்டு, மூஞ்சியக் காணோம்னு சந்து முனையிலயே குந்திக்கிச்சு. எனுக்கு கண்ணு தெரில."

ஜேசன் வாயைத் திறந்தான். அதற்குள் யாரோ, "வீடியோல வந்தவன்டா இவன்," என்றார்கள்.

பிறகு நடந்ததைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு ஹெல்மெட் மேலே போய்க் கீழே வந்தது. வெள்ளைச் சட்டை கூட்டத்துக்குள் அமிழ்ந்தது. விளம்பரப் பதாகையின் இரும்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் ஓடினான். சிவகுமார் ஒருமுறைகூடக் கத்தவில்லை. தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தான். அடி விழ விழ முழங்காலிலேயே நகர்ந்தான். உடைந்த கண்ணாடித் துண்டுகள் அவன் காலுக்கடியில் நொறுங்கின. அடிப்பவர்கள் ஜேசனின் பெயரைச் சொல்லித்தான் அடித்தார்கள். உனக்காகத்தான் என்பது போல ஒருவன் திரும்பி அவனைப் பார்த்துத் தலையாட்டவும் செய்தான்.

ஜேசன் உள்ளே பாய்ந்தான். "நான்தான் ஒட்டினேன், அவன் தம்பி முகத்து மேல நான்தான் ஒட்டினேன்," என்று கத்தினான். சொல்லவேண்டிய நாளில் ஒருமுறை மெதுவாகச் சொல்லியிருந்தால் போதும். இப்போது தொண்டை கிழியக் கத்தியும் எவர் காதிலும் விழவில்லை. கம்பி அவன் கட்டுப் போட்ட கையிலேயே விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவன் சிவகுமாரின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். தன் முதுகில் எத்தனை விழுந்தது என்று தெரியவில்லை. அடிக்கிறவர்களுக்கு யாரை அடிக்கிறோம் என்று புரிய நேரமானது. புரிந்ததும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, போன்களை உயர்த்தியது. அந்தப் போன்களுக்கு நடுவில் பத்ரியின் போனும் இருந்தது.

டிக்கெட் கிழிப்பவர் ஒருவர் அவர்கள் இருவரையும் இழுத்து அரங்கத்துக்குள் தள்ளி வெளிக்கதவைத் தாழிட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டதாகவும், வரும்வரை அசையாமல் இருக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே எவரும் இல்லை. தரையெல்லாம் சோளப்பொரி சிதறிக் கிடந்தது. இடைவேளைக்கு நிறுத்த வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜேசன் சிவகுமாரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, அவன் நெற்றியில் தன் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தான். வெளியே கதவை உதைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் சிவகுமாரின் தோள் துள்ளியது. அவனுடைய ஒரு கண் முழுசாக மூடிக்கொண்டிருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்று ஜேசன் தேடிக்கொண்டிருந்தான். உதட்டில் தையல் பிரிந்து மோவாயில் சூடாக வழிந்தது.

திரையில் அந்தப் பெண் வேலையிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுகிறது. அவள் குழாயடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக் கழுவுகிறாள். மோந்து பார்க்கிறாள். மறுபடியும் சோப்பை எடுக்கிறாள்.

"இந்தப் பொண்ணு ஏன் சார் கை கழுவிக்கினே கீது?" என்றான் சிவகுமார். உடைந்த பல்லுக்கிடையே சொல் குழறி வந்தது.

"தோல் வாசனை சார். போகமாட்டேங்குது. கொழந்தைய அப்படியே தூக்க மனசில்ல."

சிவகுமார் கைக்குட்டையை ஜேசனிடமிருந்து வாங்கித் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, திறந்திருந்த ஒரு கண்ணைத் திரைக்கு நேராகத் திருப்பினான். கதவு அதிர்ந்தது. திரையில் தண்ணீர் விழுகிற வெளிச்சம் அவன் ரத்தத்தின்மேல் அசைந்துகொண்டிருந்தது.