வட்டம் போட்ட இடங்கள்

அந்த நகரம் எப்படி என்று யாராவது கேட்டால் மூடி மறைக்காமல் சொல்வேன்: கால் வலி. எதைப் பார்ப்பதற்கும் முதலில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும், பிறகு வரிசையில் நிற்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களையே படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் தையல்காரன். ரயில் நெரிசலில் எனக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் சட்டைகள்தான். பாதிப் பேருக்குத் தோள் சரியாக உட்காரவில்லை.

ஊர் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை, என் மனைவிக்கு. மகன் அந்த வெளிநாட்டு நகரத்தில் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம். ஞாயிறுதோறும் போன் செய்வான். "இந்த வாரம் எங்கடா போனே?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. அவன் சொல்லச் சொல்ல, கடையின் அளவு நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொள்வாள். முன்பக்கம் வாடிக்கையாளர்களின் மார்பும் இடுப்பும், பின்பக்கம் மகன் பார்த்த ஊர். கடையில் அளவு எழுதுவது எப்போதும் அவள்தான். அவள் எழுதிவிட்டால் நான் மறுபேச்சில்லாமல் துணியை வெட்டுவேன்.

போன வருடம் அவள் போய்விட்டாள். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள், மகன் வரவில்லை. எடுத்துக்கொண்டு போகும்போதும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். ஏரியும் பாலமும் சுற்ற நேரம் இருந்தவனுக்கு அம்மா முகத்தைப் பார்க்க நேரமில்லை! இப்போது அவனே டிக்கெட் அனுப்பினான். அவள் எழுதிவைத்த இடங்களை அவளுக்காக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கிளம்பும்போது "இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். அந்த முடிவோடுதான் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். என்னை ஒரு லாட்ஜில் தங்கவைத்தான். தன் அறையைக் காட்டவில்லை. அதையும் குறையோடு குறையாகச் சேர்த்துக்கொண்டேன்.

முதல் நாள் பாலம். 'சிவப்புப் பாலம், இரண்டு பக்கமும் பூத்தொட்டி, நடந்தே கடக்கலாம்' என்று நோட்டில் இருந்தது. பாலம் சாம்பல் நிறம். நடந்து போக அனுமதியே இல்லை.

"பெயின்ட் மாத்திட்டாங்க போலப்பா" என்றான்.

"பூத்தொட்டியையுமா மாத்திட்டாங்க?"

அவன் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

இரண்டாம் நாள் கோபுரம். 'உச்சியில் உள்ள அறை மெதுவாகச் சுற்றும்.' அறை சுற்றவில்லை, எனக்குத்தான் தலை சுற்றியது. நாலு தடவை போனதாகச் சொன்னவன், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் ஏரி. 'நிறைய வாத்துகள், வாடகைப் படகு.' சுற்றிலும் கம்பிவேலி போட்ட பெரிய தண்ணீர்த் தொட்டி அது. பேருக்குக்கூட ஒரு வாத்து இல்லை. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து வெடித்துவிட்டேன்.

"ஏண்டா, இதுல எதையாவது நீ பாத்திருக்கியா?"

அவன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லப்பா. உங்ககூடத்தான் முதல் தடவையா பாக்கறேன். ஞாயித்துக்கிழமைதான் கிடங்குல லோடு அதிகம், ரெண்டு ஷிஃப்ட். எங்கயும் போகலன்னா அம்மா கவலைப்படுவாங்க. அதான் பஸ்ல இருக்கற விளம்பரத்தைப் பாத்துட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன்."

"அடப்பாவி, அவ அத்தனையும் ஒண்ணுவிடாம எழுதி வச்சிருக்காடா!" நோட்டை அவன் மடியில் வீசினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவன் மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினான். "எல்லாத்துக்கும் பக்கத்துல சின்னதா வட்டம் போட்டிருக்காங்களே, அது எதுக்குப்பா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முப்பது வருடப் பழக்கத்தில் அந்த வட்டம் என் கண்ணில் படவேயில்லை. ஆள் நேரில் வராமல், வேறு யாராவது வந்து வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு அவள் அப்படி வட்டம் போடுவாள். இது உடம்பில் வைத்து எடுத்த அளவு இல்லை, நம்பாதே, உள்ளே துணி கூட விட்டுத் தை என்று எனக்குச் சொல்வது. பாலத்துக்கு வட்டம். கோபுரத்துக்கு வட்டம். வாத்துக்குத் தனியாக ஒன்று.

முதல் வாரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் வாரம் தவறாமல் கேட்டு, எழுதி, சிரித்திருக்கிறாள். என்னிடம் மூச்சுவிடவில்லை.

கடைசிப் பக்கம் வரை நான் போனதில்லை. அவள் எழுத்து நடுங்க ஆரம்பித்த பக்கங்கள் அவை, பார்க்கத் தைரியம் வரவில்லை. இப்போது பார்த்தேன். 'இன்று எங்கும் போகவில்லை. அறையில் எட்டுப் பேர். இவனுக்கு மேல்கட்டில். ஜன்னல் இல்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது, கெஞ்சியும் தரவில்லை. வர முடியலம்மா என்று அழுகிறான். அப்பாவிடம் சொல்ல வேண்டாமாம்.'

வட்டம் இல்லை.

ஒரு வருடமாக அவனை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்.

"இந்த இடத்தைக் காட்டு" என்றேன்.

"அது பாக்கற மாதிரி இருக்காதுப்பா."

"உங்கம்மா எழுதினதுல நேர்ல எடுத்த அளவு இது ஒண்ணுதான். காட்டு."

கிடங்குக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. ஈரத் துண்டு வாடை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இரும்பு ஏணியில் ஏறி அவன் கட்டிலில் படுத்தேன். என் மூக்குக்கும் கூரைக்கும் நடுவே பதினெட்டு அங்குலம் இருக்கும். ஏழு வருடம் இதைப் பார்த்துக்கொண்டுதான் அவன் பாலத்துக்குச் சிவப்பு அடித்திருக்கிறான்.

என்ன தோன்றியதோ, கூரையைப் பார்த்தபடியே அவள் கேட்கிற மாதிரியே கேட்டேன்: "இந்த வாரம் எங்கடா போனே?"

அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாலத்துக்குப் போனேம்மா" என்றான். "சிவப்பு இல்ல, சாம்பல் கலரும்மா. கோபுரத்துக்கும் போனேன், அது சுத்தலம்மா. ஏரியில வாத்து..."