என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை

கோல்கீப்பருக்குச் சந்தேகம்தான் தொழில். எதிரில் வருகிறவன் இடது பக்கம் பார்த்தால் வலது பக்கம் அடிக்கப்போகிறான் என்று நினைக்க வேண்டும். அவன் முகத்தை நம்பக் கூடாது, தோளை நம்பக் கூடாது. இருபது வருடம் இப்படிப் பழகியவன் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போதும், போட்டுக் கொடுத்தவள் இன்றைக்கு ஏன் சிரிக்கிறாள் என்று யோசிப்பான். என் மனைவி லெனோர் இதையெல்லாம் சகித்துக்கொண்டு என்னோடு இருக்கிறாள். அது ஏன் என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் ஐஸ் ஹாக்கி அணியான சஸ்கட்டூன் பேட்ஜர்ஸின் மேனேஜர் கீத் லேண்ட்ரிகன் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அணியைப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தார். கட்டுவதற்கு முன்னால் இடிக்க வேண்டுமே. கோல் போடத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக வேறு ஊர் அணிகளுக்குத் தள்ளிவிட்டார். முதல் கோல்கீப்பரையும் அனுப்பினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டு, "டார்சி, இனிமே நீதான் நம்பர் ஒன்" என்றார்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. சின்ன லீக்குகளில் பஸ்ஸிலேயே தின்று பஸ்ஸிலேயே தூங்கியவன். பெரிய லீக்குக்கு வந்த பிறகு என் வேலை, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது. அதை நன்றாகவே செய்தேன். என் ஒப்பந்தம் அந்த வசந்தத்தோடு முடிகிறது. அடுத்த வருடத்துக்குக் கையெழுத்தானால் நான் ஆட்டக்காரன். ஆகாவிட்டால் மச்சானின் டிராக்டர் கடையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிறவன். கடைச் சட்டையில் என் பெயரை இப்போதே தைத்து வைத்துவிட்டதாக மச்சான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிச் சிரிப்பான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

நாங்கள் தோற்றோம். தோற்றுக்கொண்டே இருந்தோம். எங்கள் லீக்கில் கடைசியாக வரும் அணிக்குத்தான் மறு வருடம் நல்ல இளைஞனை முதலில் பொறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அந்த வருடம் ஃபின்லாந்துக்காரப் பையன் ஒருவன்மேல் எல்லா அணிகளுக்கும் நாக்கில் எச்சில். எங்கள் ஊர்க்காரர்களுக்கும்தான். எதிரணி கோல் போட்டால் மேல்வரிசையில் கைதட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் வட்டு வலையில் விழ, சொந்த ஊரே கைதட்டினால் எப்படி இருக்கும் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். காது எரியும்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எங்களில் ஒருவன் வேண்டுமென்றே தோற்கிறான்.

யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. கர்ட் ஸ்டெபான்யுக், எங்கள் கேப்டன். எனக்கு முன்னால் இடது பக்கத்தைக் காவல் காப்பவன். ஒரு காலத்தில் எவன் வட்டை அடித்தாலும் குறுக்கே விழுந்து உடம்பில் வாங்கிக்கொள்வான். இப்போது விழுவதில்லை. மட்டையை நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். திரும்பும்போது நேரம் எடுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரியில் ஒரு காலைப் பயிற்சி முடிந்து வெளியே வந்தேன். நல்ல குளிர். எஞ்சின் உறையாமல் இருக்க எல்லா வண்டிகளும் மின்கம்பத்தோடு ஒயரில் கட்டிக் கிடந்தன. லேண்ட்ரிகனின் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடியெல்லாம் ஆவி. உள்ளே அவர் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார். பக்கத்தில் கர்ட் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அப்புறம் இறங்கி, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனான். நான் என் வண்டிக்குப் பின்னால் குனிந்து, கழற்றிய ஒயரைத் திரும்பச் சொருகுவது மாதிரி நடித்தேன்.

வீட்டில் லெனோர் பெரோகி வதக்கிக்கொண்டிருந்தாள். கொழுக்கட்டையை வெங்காயத்தோடு வதக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

"அவன்கிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள்.

"கேட்டா ஒத்துக்குவானா?"

"இல்லைன்னா பொய் சொல்றான்ம்பே. ஆமான்னா அடிக்கப் போவே. அப்போ கேக்காதே. சாப்பிடு."

கேட்கவில்லை. ஆனால் அவனை நம்புவதையும் விட்டேன். அவன் பக்கத்திலிருந்து எவனாவது வந்தால் கர்ட் விட்டுவிடுவான் என்று வைத்துக்கொண்டு முன்கூட்டியே இடது பக்கம் சாய்ந்து நின்றேன். எதிரணிக்காரர்கள் குருடர்களா? வலது பக்கம் கதவு திறந்து கிடக்கிறது என்று லீக் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு ஆட்டத்தில் ஐந்து கோல், ஐந்தும் வலது பக்கம். அதற்கும் அவன்தான் காரணம் என்று நம்பினேன்.

அன்றைக்கு உடைமாற்றும் அறையில் மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து அவன் எதிரில் போய் நின்றேன்.

"எவ்வளவு நாளா நடக்குது ஸ்டெப்பி?"

"எது?"

"லேண்ட்ரிகன் வண்டியில உக்காந்து பேரம் பேசுறது. நான் பார்த்துட்டேன்டா. வேணும்னே தோத்துக் குடுக்குற இல்ல?"

அவன் குனிந்து வலது ஸ்கேட்டைக் கழற்றினான். காலுறையையும் கழற்றினான். பாதம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"எலும்புல விரிசல் விட்டிருக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தியே. ஊசி போட்டுட்டுத்தான் எறங்குறேன். குறுக்கே விழுந்தா மறுபடி எந்திரிக்க முடியாதுன்னுதான் விழறதில்லை."

"அப்போ லேண்ட்ரிகன்?"

"உக்காருன்னு கெஞ்சுறாரு. 'உடம்பின் கீழ்ப்பகுதியில் காயம்'னு அறிவிச்சுடலாம், வசந்தம் வரைக்கும் வீட்டுல இருன்னு. மாட்டேன்னுட்டேன்."

எந்த அணியும் எங்கே அடிபட்டது என்று வெளியே சொல்லாது. இடுப்புக்கு மேலே என்றால் மேல்பகுதி, கீழே என்றால் கீழ்ப்பகுதி. அந்தக் கீழ்ப்பகுதிக்குள் எந்தப் பொய்யையும் அடைக்கலாம்.

"உன்னை மட்டுமா?"

"நம்ம விட்மார்க்கை அப்படித்தான் உக்கார வெச்சாச்சு. போன வாரம் புதுசா வந்த ரெண்டு பசங்களை. உருப்படியா ஆடுற எல்லாரையும் கேக்குறாருடா டார்சி. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கர்டுக்குப் புரிந்துவிட்டது. அவசரமாகக் காலுறையை மாட்டிக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்" என்று முனகினான். என்மேல் இரக்கப்பட்டான். அவனை அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

இரண்டு நாள் என் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. எங்களிடம் இன்னொரு கோல்கீப்பர் உண்டு, எலியட் குவான். பயிற்சியில் அவனைத் தாண்டி வட்டைப் போடுவது சுவரைத் தாண்டிப் போடுகிற மாதிரி. "அவசரப்படுத்தக் கூடாது" என்று லேண்ட்ரிகன் அவனைப் பெஞ்சுக் கதவுக்கு வைத்திருந்தார். அது அக்கறை என்று நினைத்திருந்தேன். எனக்கு வேண்டியதாக இருந்ததால் அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறேன்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை மதியம் ஆட்டம். எங்களோடு மோதுவது எங்களைப் போலவே பட்டியலின் அடியில் கிடக்கும் அணி. தோற்கிறவனுக்குக் கடைசி இடம் கிட்டத்தட்ட உறுதி. காலையில் லேண்ட்ரிகனின் அறைக்கு நொண்டிக்கொண்டு போனேன்.

"சார், முழங்கால் சரியில்லை. இன்னைக்கு உக்காந்துக்கட்டுமா?"

சரி, போய் உட்கார் என்று சொல்லிவிடு, என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். கர்டிடம் சொன்ன மாதிரி எனக்கும் ஒரு தடவை சொல்லிவிடு.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "உக்காரறதா? நீயா? டார்சி, நீ இல்லாம எப்படிப்பா?" உடனே டாக்டரை வரவழைத்தார். ஐஸ் வந்தது, மசாஜ்காரர் வந்தார், சூப் வந்தது. வேறு எந்தக் கோல்கீப்பராக இருந்தாலும் இந்த மரியாதையில் கண்ணீர் விட்டிருப்பான். "கொஞ்சம் பொறுத்துக்க. இன்னைக்கு மட்டும் நில்லு. திங்கக்கிழமை வா, அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டுடலாம். நமக்கு இதே மாதிரி இன்னும் ஒரு வருஷம் வேணும்."

இதே மாதிரி. நான் உயிரைக் கொடுத்து ஆடியதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

டாக்டர் முழங்காலை அழுத்தினார். வலிக்கவே இல்லை. "அம்மா" என்று கத்தினேன். அவர் எங்கே தொட்டாலும் கத்தினேன். என்னால் அன்றைக்கு அந்த வலைக்கு முன்னால் நின்றிருக்க முடியாது, அது மட்டும் பொய் இல்லை. லேண்ட்ரிகன் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் பெருமூச்சு விட்டார். "ஒரே ஒரு ஆட்டம்தான். திங்கக்கிழமை எப்படியும் வந்துடு." கையெழுத்து கைவிட்டுப் போகவில்லை. சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கீழ்ப்பகுதியில் காயம் என்று அறிவித்தார்கள். பனித்தளத்துக்குப் போகும் வழியில் கர்ட் என் பக்கமாகச் சாய்ந்து, "எந்தக் கால்?" என்று கேட்டான். நான் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. அவன் சிரித்துக்கொண்டே போனான்.

கோட்டு போட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் லெனோர். நேர் எதிரே, தளத்துக்கு அந்தப் பக்கம், கண்ணாடி அறையில் லேண்ட்ரிகன். மடக்க முடியாதவன் மாதிரி காலை நீட்டி வைத்துக்கொண்டேன்.

குவான் ஒன்றையும் உள்ளே விடவில்லை. முதல் பகுதியில் எதிரணி அடித்தபோதெல்லாம் மேல்வரிசைக்காரர்கள் வழக்கம்போலக் கைதட்டத் தயாரானார்கள். அவன் பிடித்துப் பிடித்துப் போட்டான். என் வலையில், என் இடத்தில். ஒன்றாவது உள்ளே போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் லேண்ட்ரிகனுக்கும் எனக்கும் ஒரே ஆசை.

இரண்டாம் பகுதியில் நாங்கள் எப்படியோ ஒரு கோல் போட்டோம். மேல்வரிசை குழம்பிப்போனது. கடைசிப் பகுதியில் கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்சி மாறியது. ஃபின்லாந்துப் பையனை எல்லோரும் மறந்துவிட்டார்கள் போலிருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் குவான் ஒரு வட்டைத் தட்டிவிட்டுத் தடுமாறி விழுந்தான். அது எதிரணிக்காரன் ஒருவனின் மட்டைக்கே போனது. வலை மொத்தமும் திறந்து கிடந்தது. அவன் மட்டையை ஓங்கினான்.

கர்ட் குறுக்கே விழுந்தான். அந்தப் பாதத்தோடு, நீளமாக, பழைய கர்ட் மாதிரி விழுந்தான். வட்டு அவன் நெஞ்சில் பட்டு வெளியே தெறித்தது.

நான் எழுந்து நின்றேன் என்று சொன்னால் போதாது. குதித்தேன். இரண்டு முழங்காலும் மடங்கி நிமிர, நாற்காலியைத் தாண்டி முன்வரிசைப் படிக்குத் தாவி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். சுற்றிலும் எல்லோரும் கத்தினார்கள். கர்ட் மெதுவாகப் புரண்டு, ஒரு கையை ஊன்றி, எழுந்துவிட்டான்.

"டார்சி" என்று லெனோர் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "எதிர்ல பாரு."

கண்ணாடி அறையில் லேண்ட்ரிகன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு" என்றாள் லெனோர். "நொண்டிக்கிட்டே உக்காந்துரு. இன்னும் நம்புவாரு."

நம்பியிருப்பார். நம்புவதற்கு அவருக்கும் ஆசை இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன், இரண்டு கால்களிலும்.