கிளட்ச் மிதிக்கும் கால்

பஸ் டிரைவருக்குச் சர்க்கரைப் புண் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நாலு மாதமாகிறது. கால் போன சங்கதி தெரு முழுக்கத் தெரியும். அந்தக் கால் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சங்கதி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் ஜன்னலை ஒட்டித்தான் பஸ் திரும்பும். வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியர் போடுகிற சத்தம் கேட்டதும், இல்லாத பாதம் கிளட்சை மிதிக்கும். முப்பது வருடப் பழக்கம்; யார் சொல்லி நிறுத்துவது? மனைவி காலமாகி, மகள் ஞாயிற்றுக்கிழமை போன்குரலாகச் சுருங்கிவிட்ட வீட்டில், அவரோடு கூட இருந்து ஏதோ செய்துகொண்டிருந்தது அந்தப் பாதம் ஒன்றுதான்.

ஒருநாள் மிதித்த பாதம் மேலே எழும்பவில்லை. கிளட்ச் அழுந்தியபடியே நின்றது. விரல்கள் சுருண்டு, வெறும் இடத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. மனுஷன் துடித்துப்போனார்.

"மூளை இன்னும் உத்தரவு போட்டுக்கிட்டுதான் இருக்கு சார். கீழேருந்து பதில் வரலைன்னா, கால் பிடிச்சுக்கிட்ட மாதிரி அதுவே நினைச்சுக்கும்," என்றாள் பிசியோதெரபி பெண். "ரெண்டு காலுக்கும் நடுவுல கண்ணாடி வச்சு வலது காலை அசைங்க. கண்ணாடியில தெரியறது இடது கால்னு மூளை நம்பிடும். பிடிப்பு விட்டுடும்."

"ஏமாத்தச் சொல்றீங்க."

"ஆமா. சிலருக்கு அந்தக் காலே மறைஞ்சுடும். நல்லதுதானே?"

டிரைவர் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு, வேறு வழியில்லாமல் மனைவியின் பீரோவிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார்.

மாடி வீட்டு அக்காவுக்கு இது போதாதா! துணி காயப்போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுக் கணவனிடம் ஓடினாள்.

"பீரோ கண்ணாடியைக் கழட்டி எந்நேரமும் அழகு பாக்குறாருங்க! பொண்ணு கிண்ணு பாத்து வைப்போமா?"

"உன் வேலையப் பாருடி."

மூன்று நாள் அசைத்தும் பிடிப்பு விடவில்லை. நாலாம் நாள் டிரைவருக்கே சிரிப்பு வந்தது. வலது கால் ஆக்சிலேட்டர் காலல்லவா! நோகாமல் அழுத்திக்கொண்டிருந்தது. கிளட்ச் என்றால் ஒரே மிதி, பிறகு மெல்ல மெல்ல விட வேண்டும். புதிதாக வண்டி பழகுகிறவரைத் திட்டுவதுபோல் வலது காலைத் திட்டித் திட்டிப் பழக்கினார். சாயங்காலத்துக்குள் கண்ணாடிப் பாதம் எழும்பியது. கூடவே இல்லாத பாதமும் எழும்பியது. அப்பாடா என்று கண்ணை மூடினார்.

அடுத்த வாரங்களில் அந்தப் பாதம் சிறுத்துக்கொண்டே வந்து முழங்காலில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒருநாள் பஸ் திரும்பியது, எதுவும் மிதிக்கவில்லை.

கீழே விழுந்த துணிக் கிளிப்பைத் தேடிக்கொண்டு அக்கா ஜன்னலோரம் வந்தாள்.

"என்னண்ணே, வலி எப்படி இருக்கு?"

"போயிடுச்சும்மா."

"நல்லதாப் போச்சு!"

"காலும் போயிடுச்சு."

'அது போயி மாசக்கணக்காச்சே' என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். வந்ததை விழுங்கிவிட்டு, கிளிப்பை மறந்து மாடியேறினாள்.

ஜன்னலுக்கு வெளியே பஸ் திரும்பியது. கியர் மாறியது. டிரைவரின் வலது கால், அவர் சொல்லாமலே, தரையை ஒரே மிதியாக மிதித்து மெல்ல மெல்ல விட்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்.