சேனை வைக்க வந்தவர்

கதவைச் சாத்திவிட்டுப் பேசினால் உள்ளே கேட்காது என்று சமுத்திரம் நினைத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கதவெல்லாம் வெறும் பிளைவுட்.

“பொட்டப்புள்ளைக்குச் சேனை வைக்கவா என்னை இராஜபாளையத்துல இருந்து வரச் சொன்ன, பொன்மணி? அதுக்கு வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் போதாதா?”

கட்டிலில் கிடந்த மாரிச்செல்விக்குப் பிரசவ வலி போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சமுத்திரம் அவள் மாமியார் பொன்மணியின் அண்ணன். பேண்டேஜ் கம்பெனி முதலாளி. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் யார் சீனித்தண்ணீர் தொட்டு வைக்கிறாரோ, அவர் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். அதுதான் சேனை. வளைகாப்பு அன்றே பொன்மணி முடிவு செய்துவிட்டாள்: “எங்க அண்ணன் நிதானம் வரணும். தாய்க்காரி கோவம் மட்டும் வந்துரக் கூடாது சாமி!”

டவுன் பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளியவனைச் செருப்பைக் கழற்றி வெளுத்தவள் மாரிச்செல்வி. மாமியார் அதை ஏதோ பரம்பரை வியாதி போலத்தான் ஊரெல்லாம் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவள், ‘அண்ணன் வந்து தொட்டு வச்ச பொறவு பால் குடு’ என்று மாமியார் சொன்னதற்கு இன்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்திருந்தாள். விடியற்காலையில் பிறந்த பிள்ளை பசியில் தன் கைமுட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.

“அண்ணே, செத்த நில்லுங்கண்ணே!” பொன்மணியின் குரல் படியிறங்கி ஓடியது.

மாரிச்செல்வி ஜன்னலோரம் நின்ற கணவனைப் பார்த்தாள்.

“கேட்டுச்சா?”

“மாமா வாய்தான் அப்படி. மனசு தங்கம்,” என்றான் சூர்யபிரகாஷ்.

“அந்தத் தங்கத்துக்காக எம்பிள்ளை பட்டினி கிடக்கா. நீங்க ஒரு வார்த்தை கேட்டியளா?”

“இப்ப என்ன, நானே தொட்டு வைக்கேன்.”

அவன் விரலை நீட்ட, அவள் பிள்ளையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம். இவளும் உங்களை மாதிரி வாயை மூடிக்கிட்டு நின்னா, நான் எந்தச் சுவத்துல போயி முட்ட?”

நர்ஸ் ரெனிட்டா உள்ளே வந்தாள். “இன்னுமா பால் குடுக்கல?”

“யாரு முதல்ல தொடணும்னு மாநாடு நடக்கு, சிஸ்டர்.”

“மாநாடு முடியட்டும்னு பச்சப்புள்ள காத்துக்கிட்டு இருக்குமா? சீனித்தண்ணி கீனித்தண்ணி எதுவும் கூடாது. தாய்ப்பாலைக் குடுங்க.”

மாரிச்செல்வி பிள்ளையை மார்பில் சேர்த்தாள். இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை கவ்விப் பிடித்தது. இத்தனை நேரம் காக்க வைத்தோமே என்று தன்மேலேயே வந்த ஆத்திரத்தைக் கணவன்மேல் கொட்டினாள்.

“மேசையில பால்கோவா கட்டு பிரிக்காமக் கிடக்கே, ஆம்பளப்புள்ள வந்து பிரிக்கணுமோ? கொண்டுபோயி எல்லாருக்கும் குடுங்க.”

அவன் போனான். “பிள்ளை பொறந்திருக்கு, எடுத்துக்கோங்க” என்று வராந்தாவில் அவன் முனகுவது கேட்டது.

“சத்தமா! மகள்னு சொல்லுங்க!” என்று இவள் போட்ட அதட்டலில் பக்கத்து அறைப் பேச்சே நின்றுவிட்டது.

ரெனிட்டா சிரித்துக்கொண்டே வெளியேற, பொன்மணி அண்ணனை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவர் கையில் சீனித்தண்ணீர்க் கிண்ணம்.

“தங்கச்சி காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சுதா. சரி, கொண்டா புள்ளைய,” என்றார் சமுத்திரம், வாசலில் நின்றபடியே.

மாரிச்செல்வி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். “சேனை வச்சாச்சு, பெரியப்பா.”

“யாரு வச்சா?”

“நான்தான். பாலாவே குடுத்துட்டேன்.”

பொன்மணி தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! உன் கோவம் அம்புட்டும் புள்ளைக்கு வந்துருமேட்டி!”

“வரட்டும், அத்தை. நாளைக்கு இவளைப் பொட்டைன்னு எவனாச்சும் சொன்னா, நான் பக்கத்துல இருக்கணும்னு இல்ல பாருங்க.”

சமுத்திரத்தின் முகம் கறுத்தது. “எம்புட்டுத் திமிரு! நான் பெரிய மனுசன்னு ஒரு மரியாதை வேண்டாம்?”

“பிள்ளை பால் குடிக்கா. பெரிய மனுசர் கதவைச் சாத்திட்டுப் போங்க.”

கிண்ணத்தைத் தங்கை கையில் திணித்துவிட்டு அவர் இறங்கிப் போனார். இந்த முறை பொன்மணி பின்னால் ஓடவில்லை. கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

மாரிச்செல்விக்குக் கோபம் ஆறவில்லை. சூர்யபிரகாஷ் திரும்பி வரட்டும், அவனுக்கும் இருக்கிறது. பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள்.