நோயாளி நன்றாக ஒத்துழைத்தார்

1

இந்தக் கதை ஒரு முலாம்பழத்திலிருந்து வந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் பெண் இதைச் சொல்லாமல் பதினொரு நாட்களை ஓட்டிவிட்டாள். நானும் அதே தவறைச் செய்ய வேண்டாம்.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘ஆன்மா என்பது’ என்று ஒன்று. அந்த இரண்டு சொற்களுக்குப் பிறகு எதைப் போட்டாலும் யாருக்காவது கோபம் வரும் என்று தோன்றியது. அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாவது: ‘மனித மூளையில் ஏறக்குறைய எட்டாயிரத்து அறுநூறு கோடி நியூரான்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுகூட’ [ஒன்றுகூட என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.]

மூன்றாவது: ‘அவள் ஓர் ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவு செய்கிறாள்.’ தட்டையான வரிதான். பொய் இல்லாத வரி. இதையே வைத்துக்கொள்வோம்.

2

அவள் ஓர் ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவு செய்கிறாள். முதல் மாடி, கடைசி அறை. ஒரு கட்டில், ஒரு கணினி, ஒரு மேசை, மேசைமேல் ஒரு சின்ன மின்விசிறி. வருகிறவரைப் படுக்கவைத்து, மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் வைத்து அளப்பாள். பத்து சதவீதத்தில் ஒரு புள்ளி, இருபதில் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு லீட் கம்பி, மொத்தம் இருபத்தொன்று. எல்லாவற்றையும் பேஸ்ட் வைத்து ஒட்டுவாள். “கண்ண மூடுங்க, திறங்க, மூடுங்க” என்பாள். ஒரு நாளில் அவள் அதிகம் பேசும் வார்த்தைகள் இவைதான். கூச்ச சுபாவம். படித்தது இயற்பியல். அலை என்றால் அவளுக்குப் பயமில்லை, ஆட்கள் என்றால்தான்.

அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, மேலும் கீழும் போய், கம்பிகளையும் சக்கரங்களையும் சரிபார்க்கிற வேலை. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலையில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கூடத்திலேயே வலிப்பு வந்தது. கூரைமேல் நிற்கும்போது வந்திருந்தால்

[இந்த வாக்கியத்தை அண்ணியும் ஒருநாள் முடிக்காமல் விட்டார். நானும் விடுகிறேன்.]

காலை ஒன்று, மாலை ஒன்று என்று மாத்திரை. மூன்று மாதம் வேலைக்குப் போகக்கூடாது. பிறகு இன்னொரு முறை அலைப்பதிவு. அதற்குத்தான் அவன் தங்கையின் அறைக்கே வந்தான்.

“ஊமச்சி, வலிக்குமா?” ஊமச்சி என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். அவளுக்கு நன்றாகவே பேச வரும். வீட்டில் அவன் விட்டால்தானே.

“வலிக்காது. தலைக்கு எண்ணெய் வச்சிருக்கியா?”

“கொஞ்சூண்டு.”

“வைக்காதேன்னு சொன்னேன்ல? லீட் ஒட்டாது.”

“பேஸ்ட்ட அப்பி விடு. நீ என்ன சுவத்துக்கா பூசப் போற?”

இருபத்தைந்து நிமிடம் ஓடியது. இடது நெற்றிப்பொட்டு லீடில் இரண்டு தடவை கூர்மையாக ஏதோ எழுந்து அடங்கியது, வலிப்பு மிச்சமிருப்பவர்களுக்கு வரும் கூர்முனை. அவள் பார்த்தாள். முடிவைச் சொல்ல டெக்னீஷியனுக்கு அனுமதியில்லை. “எந்திரிண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

அவன் போனபிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு லீட் ஒட்டக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. பயிற்சிக்கான ஸ்பாஞ்சுத் தலை பேஸ்ட்டை உறிஞ்சி உறிஞ்சிப் பிய்ந்துவிட்டது. அதனால் சில மாதங்களாக முலாம்பழம். உருண்டையாக இருக்கும், உள்ளே ஈரம், மின்சாரம் கடத்தும். காம்புதான் மூக்கு.

கணினி நோயாளியின் பெயர் இல்லாமல் பதிவைத் தொடங்காது. பயிற்சிக்காகப் புதுப்பெயர் போட மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். அவள் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆகவே அந்த அறையில் ஒரு பழக்கம்: கடைசியாக வந்தவரின் பெயரிலேயே இரண்டாவது கோப்பு திறப்பது, பயிற்சி முடிந்ததும் அதை அழித்துவிடுவது.

அன்றும் ஒரு கோப்பை அழித்தாள்.

3

எந்தக் கோப்பை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அவளுக்குப் புரிய ஐந்து நாள் ஆனது.

அதற்குள் அறிக்கை வீட்டுக்கு வந்துவிட்டது. மேசை விசிறி பழத்தை ஆட்ட, பழம் லீடுகளை ஆட்ட, திரையில் வினாடிக்குப் பத்து என்று ஓர் அழகான அலை ஓடியிருக்கிறது. கண்மூடி அமைதியாக இருக்கும் மனிதனுக்கு வருவதைப் போலவே. தேங்கிக் கிடந்தவற்றில் டாக்டருக்கு அன்று அது நாற்பதாவது பதிவு. ‘பின்னணி அலைகள் சீராக உள்ளன. வலிப்புக்கான அறிகுறி இல்லை. மருந்தைத் தொடரவும்.’ கீழே, எல்லா அறிக்கையிலும் தானாக வந்து உட்காரும் வரி: ‘நோயாளி நன்றாக ஒத்துழைத்தார்.’

[ஓர் அறிவியல் பட்டதாரியாக இதை நான் மறுக்க முடியாது. முலாம்பழம் நன்றாகத்தான் ஒத்துழைத்தது. தும்மவில்லை, சொறியவில்லை, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.]

‘மருந்தைத் தொடரவும்’ என்ற மூன்றாவது வரியை அண்ணன் படிக்கவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனான். வலிப்பு வந்த நாளிலிருந்து அவன் போய்வரும் வகுப்பு அது. நடத்துபவரைக் குவாண்டம் சார் என்பார்கள். முன்பு தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றவர். அந்தக் கருவியில் மூன்று அடுக்கு வடிகட்டி இருக்கும். இப்போது ஆன்மாவிலும் மூன்று அடுக்கு இருக்கிறது.

அந்த ஞாயிறு அவளும் கூடப் போனாள். கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.

“உங்க நியூரான்ல ஓடுற எலக்ட்ரான், போன ஜென்மத்துலயும் எலக்ட்ரான்தான்!” என்றார் குவாண்டம் சார், லேசர் பேனாவைச் சுழற்றியபடி. “செஞ்ச வினையெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டிருக்கு. ஒரேயடியா எரியும்போது உடம்பு தாங்காம உதறுது. அதைப் போயி வலிப்புங்கிறாங்க. மாத்திரை குடுத்து நிறுத்துறாங்க. எரியுற குப்பைல தண்ணி ஊத்துனா என்ன ஆகும்?”

“புகையும்!” என்றது கூட்டம்.

[எரிச்சல் என்னவென்றால், அவருடைய முதல் வாக்கியம் சரி. எலக்ட்ரான் எப்போதும் எலக்ட்ரான்தான். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஓர் எலக்ட்ரானையும் இன்னொன்றையும் வேறுபடுத்திக் காட்ட உலகத்தில் வழியே இல்லை; மச்சம் கிடையாது, தழும்பு கிடையாது. எவனுடைய பாவம் என்று அது எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்? ஆன்மா இல்லை என்று என் படிப்பு எனக்கு நிரூபித்துத் தரவில்லை. இருந்தால் அது எங்கள் இயந்திரத்தில் இருபத்தைந்து நிமிடத்தில் பதிவாகாது என்று மட்டும் தெரியும்.]

பிறகு அவர், அறிக்கையோடு வந்த அண்ணனின் அலையைத் திரையில் போட்டார்.

“பாருங்க. இந்த அலையில பயம் இருக்கா? ஆசை இருக்கா? நான்ங்கிற எண்ணம் இருக்கா? ஒண்ணும் கிடையாது. எல்லாம் எரிஞ்சு முடிஞ்ச மூளை இது!”

பயமும் ஆசையும் இல்லை, நான் என்ற எண்ணமும் இல்லை. அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை. கைதட்டலுக்கு நடுவே அண்ணன் எழுந்து நின்றான். அவன் முகத்தை அவள் பார்த்தாள். மூன்று மாதமாகக் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக்கூட விடாத வீட்டில், தன் உடம்புக்குத் தானே பயந்து திரிந்தவனின் முகம் அது. இப்போது அதில் யாரோ விளக்குப் போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். கூர்முனை எங்கே? இடது நெற்றிப்பொட்டு எங்கே?

அன்று மாலையே அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். வருகிற திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறான்.

4

இங்கே அவள் சொல்லிவிட வேண்டும். கதைக்கு அதுதான் நியாயம். சாப்பாட்டு மேசையில் உட்காரவைக்கிறேன். அண்ணன், அண்ணி, அவள். வாயைத் திறக்கவைக்கிறேன்.

“அண்ணா, அது உன்னோட பதிவு இல்ல.”

“பின்ன யாரோடது?”

“முலாம்பழத்தோடது.”

அண்ணி கையில் எடுத்த கரண்டியைக் கீழே வைத்தார். அண்ணன் நிதானமாக மென்று விழுங்கினான்.

“பழுத்ததா, காயா?”

“இப்ப அதுவாங்க முக்கியம்?” என்றார் அண்ணி.

“நீ இரு. சொல்லுடி.”

“கொஞ்சம் பழுத்தது.”

“எங்க இருக்கு இப்ப?”

அவள் தண்ணீர் குடித்தாள். “சாப்பிட்டாச்சு.”

“யாரு?”

“நானும், புதுசா சேர்ந்த பொண்ணும். பேஸ்ட்டெல்லாம் துடைச்சுட்டுதான். டாக்டரும் ரெண்டு துண்டு எடுத்துக்கிட்டார்.”

“என் பேர் போட்ட பழத்த என்னைக் கேக்காம தின்னுருக்கீங்க!”

அவன் குவாண்டம் சாரை ஃபோனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டான். அவர் முழுவதும் கேட்டார். அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

“அருமை! ஒரே பேர்ல, ஒரே நாள்ல, ஒரே மெஷின்ல பதிவாயிருக்கீங்க. உங்களுக்கும் பழத்துக்கும் குவாண்டம் பின்னல் உண்டாயிடுச்சு. உங்க வினை பழத்துக்குப் போயிடுச்சு. பழம் அவங்களுக்குப் போயிடுச்சு. நீங்க சுத்தம்.”

“அப்போ மாத்திரைய யார் போடணும் சார்?” அண்ணி கேட்டார். “என் நாத்தனாரா?”

எதிர்முனையில் அவர் முணுமுணுவென்று கணக்குப் போட்டார்.

“தர்க்கப்படி பாத்தா, ஆமாம். டாக்டருக்கு அரை மாத்திரை போதும். ரெண்டு துண்டுதானே.”

அண்ணி எழுந்துபோய் மாத்திரைப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஏழு நாள், நாளுக்கு இரண்டு கட்டம். திறக்காத கட்டங்களில் மாத்திரைகள் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன.

[பூனையைக் கொண்டுவர மாட்டேன். பெட்டி, குவாண்டம் என்றதும், திறக்கும்வரை உயிரோடிருக்கிறதா செத்ததா என்று தெரியாத அந்தப் பாடப்புத்தகப் பூனையை உங்கள் கண் தேடியிருக்கும். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. மாத்திரைப் பெட்டியின் மூடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். திறக்காமலே தெரியும், அவன் போடவில்லை என்று.]

‘எங்கள் வீட்டில்’ என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

5

ஐந்தாம் பகுதி எழுதினேன். அதில் அவள் அழுதாள், அண்ணன் தலையைத் தடவிக்கொடுத்தான், பின்னணியில் மழை பெய்தது. கிழித்துவிட்டேன். என் அண்ணன் யார் தலையையும் தடவ மாட்டான்.

6

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

ஒன்று: அவள் மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். பதறிப்போய் அவன் தட்டிவிடுகிறான். பதறுகிறவனுக்கு அது வெறும் மாத்திரை என்று தெரிந்திருக்கிறது. இது பரவாயில்லை. ஆனால் அவள் அவ்வளவு நாடகக்காரி இல்லை.

இரண்டு: குவாண்டம் சாருக்கும் ஒருமுறை அலை பதிவு செய்கிறார்கள். விசிறி ஓடுகிறது. பழத்தின் அலையும் அவருடைய அலையும் அச்சு அசலாக [இதில் பழிவாங்கும் புத்தி இருக்கிறது. வேண்டாம்.]

மூன்று: திங்கட்கிழமை. கூண்டின் கூரை. [இல்லை. இதை எழுத மாட்டேன்.]

கதையில் வரும் அவளுக்கு ஒரு வசதி உண்டு. நான் வாயைக் கொடுத்தால் பேசுவாள். எனக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. நான்காம் பகுதியில் நடந்தது எதுவும் நடக்கவில்லை. ஆறு நாளாகச் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறேன், “அண்ணா” என்கிறேன், “என்னடி ஊமச்சி?” என்கிறான், “குழம்பு” என்கிறேன். அவன் குழம்புக் கிண்ணத்தைத் தள்ளுகிறான். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அவன் பாடுகிற சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டபிறகு ‘அது பழம்’ என்று சொல்ல நாக்கு எழுவதில்லை.

டாக்டருக்கு இன்று காலை எழுதி, அவர் மேசையிலேயே வைத்துவிட்டேன். ஒரு பக்கம். அதில் அடைப்புக்குறிகள் இல்லை. படித்துவிட்டுக் கூப்பிட்டார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, “அந்தப் பழமா?” என்றார்.

இனி ஒருவர்தான் பாக்கி. நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவன் என் அண்ணன். பாராட்ட அல்ல, பிழை பார்க்க. லிஃப்ட் சோதனைப் பட்டியலில் டிக் போடுகிற அதே சிவப்புப் பேனாவோடு உட்காருவான். இன்று சனிக்கிழமை. இந்தத் தாள்களை மாத்திரைப் பெட்டிக்கு அடியில் வைக்கப்போகிறேன். ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். வழக்கமாக முடிவை வாசகரிடம் விடுவார்கள். நானும் விடுகிறேன், ஒரே ஒரு வாசகரிடம்.

அண்ணா, நீ இதுவரை எத்தனை இடத்தில் சுழித்தாய் என்று தெரியாது. பேனாவைக் கொஞ்சம் கீழே வை. கூரைமேல் ஏறுமுன் நீ என்ன செய்வாய் என்று எனக்கு நீயே சொல்லியிருக்கிறாய். நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறது என்று முந்தின ஆள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், உன் விரலால் ஒருதரம் அழுத்திப் பார்க்காமல் காலை வைக்க மாட்டாய். ‘எவனோ போட்ட டிக்கை நம்பி நான் ஏறணுமா?’ என்பாய்.

அந்த அறிக்கையில் டிக் போட்டது நான். தப்பான பெட்டியில் போட்டேன். உன் பதிவை அழித்ததும் நான்தான். அழிப்பதற்கு முன் அதில் இரண்டு கூர்முனைகளைப் பார்த்தேன்.

போன ஜென்மத்தைப் பற்றி நீ என்ன நம்பினாலும் நம்பு. நான் வாதாட மாட்டேன், எனக்குத் தெரியாது. ஞாயிறு காலைக் கட்டத்தில் மாத்திரை இருக்கிறது. திங்கட்கிழமை நீ எந்த வாசலுக்குப் போவாய் என்பதை நான் எழுதவில்லை. என் அறை எட்டு மணிக்குத் திறக்கும். விசிறியை எடுத்துவிட்டேன்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வா.